கடைமடை வரை போய்ச் சேர: நம் ஊர் வீடியோவுக்கு சப்டைட்டில் போடும் முறை

போன ஆடியில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு விவசாயியின் நாற்றங்காலைப் படம் எடுத்தேன். நான் கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால், அந்த மாதத்தில் விவசாயம், சமையல், கைத்தொழில் சேனல்காரர்களுக்கு வேலை செய்து கொடுப்பேன். அன்றைக்கு வாய்க்காலில் கிடந்த கொஞ்சத் தண்ணீரை ஆயில் இன்ஜின் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே அவர் சொன்னது இது: "மூணு மாவுக்கு நாத்து விட்டிருக்கேன் தம்பி. நமக்குக் கடைமடைல்ல..." மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு. கடைமடை என்றால் வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம்.

ராத்திரி வீட்டுக்கு வந்து, பேச்சைக் கேட்டுத் தானே எழுதிக் கொடுக்கும் ஒரு செயலியில் போட்டுப் பார்த்தேன். "மூனு மாமாவுக்கு நாட்டு விட்டிருக்கேன்" என்று எழுதியிருந்தது. கடைமடை, "கடை மழை" ஆகியிருந்தது. சிரித்துவிட்டு, மொத்தத்தையும் கையால் எழுத உட்கார்ந்தேன். அதிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

யாருக்காக இந்தப் பாடு?

"தமிழ் வீடியோவுக்கு எதுக்குத் தமிழ் சப்டைட்டில்? கேட்டாலே புரியுமே" என்பார்கள். கேட்க முடிந்தால் புரியும். மன்னார்குடி பஸ்ஸில் நின்றபடி போனைப் பார்ப்பவர் சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பார். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்திருக்கும் தாயும் அப்படித்தான். அவர்கள் ஐந்து வினாடி உதட்டசைவைப் பார்ப்பார்கள், அப்புறம் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

அடுத்து காது கேளாதவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் செவித்திறன் குறைபாடு என்று பதிவானவர்கள் மட்டும் நாடு முழுக்கச் சுமார் 50 லட்சம் பேர். வயதாகிக் காது மங்கியவர்களில் பெரும்பாலோர் தங்களை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வதே இல்லை. "எனக்கு நல்லா கேக்குது, நீதான் முணுமுணுக்கற" என்று சொல்லும் பெரியவர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு ஊடகங்களில் எழுத்து வரிகளும் சைகை மொழியும் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அரசுத் துறைகளுக்கு வீடியோ செய்து கொடுப்பவர்கள் இதைக் கூலியோடு சேர்த்து முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

மூன்றாவது பயன் எனக்குப் பிடித்தது. 1996-இல் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் பிரிஜ் கோத்தாரி ஒரு யோசனையை முன்வைத்தார்: டிவியில் வரும் சினிமாப் பாட்டுக்கு, அதே மொழியிலேயே வரிகளைக் கீழே ஓடவிட்டால், எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கு அதுவே வாசிப்புப் பயிற்சி ஆகிவிடும். காதில் விழும் சொல்லும் கண்ணில் படும் எழுத்தும் ஒன்றாக வருவதில்தான் சூட்சுமம். நடவுக்குப் போகும் பெண்களில் பலர் படித்ததை மறந்துகொண்டிருப்பவர்கள். சிங்கப்பூரில் பிறந்த பேரப்பிள்ளைகளோ பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவர்கள். ஆங்கில சப்டைட்டில் இந்த இரண்டு கூட்டத்துக்கும் இதைச் செய்து தராது.

வியூஸ் கூடுமா என்று கேட்பீர்கள். சப்டைட்டில் போட்ட மறுநாளே எண்ணிக்கை எகிறும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யூடியூபில் உங்கள் வீடியோவின் எழுத்துப் படியைத் திறந்து, "விதைநேர்த்தி" என்று தேடி, நேராக அந்த நிமிடத்துக்குப் போக முடியும். இருபது நிமிட விவசாய வீடியோவில் இது சின்ன வசதி இல்லை.

முதல் படி: தனிக் கோப்பா, படத்தோடு ஒட்டியதா?

சப்டைட்டிலில் இரண்டு வகை. ஒன்று தனிக் கோப்பாக ஏற்றுவது. பார்ப்பவர் சிசி பட்டனைத் தட்டினால் வரும், வேண்டாமென்றால் போகும். எழுத்தைப் பெரிதாக்கலாம், மொழி மாற்றலாம், பிழை கண்டால் வீடியோவைத் தொடாமல் திருத்தலாம். மற்றது படத்தோடு படமாக எரித்துவிடுவது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் குரூப்பில் சுற்றிவரும் துண்டுகளுக்கும் இதைவிட்டால் வழியில்லை, அங்கே தனிக் கோப்பு கூடவே போகாது.

யூடியூபுக்குத் தனிக் கோப்பு, வாட்ஸ்அப்புக்கு ஒட்டியது என்று வைத்திருக்கிறேன். எழுதும் வேலை ஒன்றுதான், வெளியே எடுக்கும் விதம்தான் இரண்டு. ஃபேஸ்புக்கும் தனிக் கோப்பை ஏற்கும். ஆனால் கோப்பின் பெயரிலேயே மொழிக்குறியும் நாட்டுக்குறியும் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும்.

இரண்டாம் படி: படம் எடுக்கும்போதே

ஃப்ரேமின் கீழ்ப்பகுதியில் கொஞ்சம் இடம் விடுங்கள். நாற்றைப் பிடித்திருக்கும் கை சரியாக எழுத்து வரும் இடத்தில் இருந்தால், எழுத்தும் கெட்டது, நாற்றும் கெட்டது. சட்டையில் குத்தும் மைக் ஒன்று போதும். இன்ஜின் சத்தம் இருந்தாலும் எழுதும் அளவுக்குப் பேச்சு பிடிபடும்.

அதைவிட முக்கியம் ஒரு நோட்டு. பேசியவர் சொன்ன ரகம், மருந்து, ஊர், அளவு எல்லாவற்றையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியின் பட்டறையில் எடுத்தபோது, தென்னோலைக் கீற்று ஒன்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு குறித்துக்கொண்டே "இதுதாங்க ஒடியோலை" என்றார். செயலி "ஓடிப் போல" என்று எழுதியது. நோட்டில் குறித்திருக்காவிட்டால் நானும் தலையைச் சொறிந்திருப்பேன். மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வடித்துவிட்டு ஐம்பொன்னை ஊற்றும் அந்த வேலையில், ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்படி ஒரு சொல் இருக்கிறது. அதில் ஒன்று தப்பினால் வீடியோவே அரைகுறை.

மூன்றாம் படி: கேட்டு எழுதுவது

ஒரு நடை முழுதும் கேளுங்கள், எழுதாதீர்கள். பிறகு வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி எழுதுங்கள். தட்டச்சு மெதுவாக வருகிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. காதில் இயர்போன் மாட்டி, அவர் பேசுவதைக் கேட்டு, கூகுள் டாக்ஸின் குரல்வழித் தட்டச்சில் நீங்களே தெளிவாகத் திருப்பிச் சொல்லுங்கள். இன்ஜின் சத்தம் இல்லாத உங்கள் குரலை அது ஓரளவு ஒழுங்காகவே எழுதும். அப்புறம் வட்டாரச் சொற்களை மட்டும் திருத்தினால் போதும். தானியங்கி கொடுத்ததைத் திருத்துவதா, புதிதாக எழுதுவதா? மூன்று சொல்லுக்கு ஒரு பிழை இருந்தால் புதிதாக எழுதுவதே லாபம். திருத்தும்போது கண் பழகிவிட்டு "கடை மழை"யைக்கூடத் தாண்டிப் போய்விடும்.

எழுத உட்கார்ந்ததும் முதலில் வரும் கேள்வி: பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா? ஆங்கிலத்தில் சப்டைட்டில் போடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இந்த அளவுக்குக் கிடையாது. "வந்துக்கிட்டிருக்கு" என்று அவர் சொல்கிறார். "வந்துகொண்டிருக்கிறது" என்று நான் எழுதலாமா?

எழுத்துத் தமிழுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பழகியது அதுதான், கண் தடுக்காது. யாழ்ப்பாணத்திலோ மலேசியாவிலோ இருப்பவருக்குத் தஞ்சாவூர்ப் பேச்சை எழுத்தில் பார்த்தால் திணறல்தான். பேச்சுத் தமிழின் பக்கம் இருக்கும் நியாயமும் சின்னதல்ல. வாயைப் பார்த்தே பாதி புரிந்துகொள்கிறவருக்கு, உதடு ஒன்று சொல்லி எழுத்து வேறொன்று சொன்னால் குழப்பம். பேசியவருக்கும் அது மரியாதை இல்லை. எழுபது வயது விவசாயி ரேடியோ செய்தி வாசிப்பது போல் ஆகிவிடுவார்.

நான் கடைப்பிடிப்பது இதுதான். ஆள் பேசினால் பேச்சு, பின்னணியில் விளக்கம் சொன்னால் எழுத்து. பேச்சிலும் வினைச்சொல்லை அவர் சொன்னபடியே விடுவேன். ரகத்தின் பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவை மட்டும் எப்போதும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கும். மாப்பிள்ளைச் சம்பா ஓரிடத்தில் "மாப்ள சம்பா", இன்னோரிடத்தில் "மாப்பிளை சம்பா" என்று வந்தால் தேடுகிறவருக்குக் கிடைக்காது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்து ரகங்களை எல்லோரும் "ஏ.டி.டி." என்றுதான் சொல்கிறார்கள். நான் "ஏ.டி.டி. 43" என்று எண்ணோடு எழுதிவிடுவேன். "வந்து", "இந்த", "என்னன்னா" போன்ற இழுவைகளை வெட்டலாம், குற்றமில்லை.

நான்காம் படி: வரி உடைப்பதும் நேரம் வைப்பதும்

ஒரு நேரத்தில் திரையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு வரிக்கு நாலு, மிஞ்சினால் ஐந்து சொல். தோன்றியதும் மறைந்துவிடாமல் குறைந்தது ஒரு வினாடி நிற்க வேண்டும், ஏழு வினாடிக்கு மேல் அப்படியே கிடக்கக் கூடாது.

உடைக்கும் இடத்தில் தமிழ்க் காது வேண்டும். பெயரையும் அதற்கு முந்திய அடைமொழியையும் பிரிக்காதீர்கள். "நட்டு" ஒரு வரியிலும் "வெச்சேன்" அடுத்த வரியிலும் போகக் கூடாது. "தண்ணி வந்து சேர்றதுக்கு" என்று மேல்வரி, "முன்னாடி" என்று கீழ்வரி என்றால் வாசிப்பவர் மூச்சு முட்டும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், அது வரும் வரை அர்த்தம் தொங்கிக்கொண்டே இருக்கும். நீண்ட வாக்கியத்தைத் துணிந்து இரண்டாக்குங்கள். முதலில் சொன்ன அந்த விவசாயியின் பேச்சு கோப்பில் இப்படி உட்கார்ந்தது:

18
00:01:12,400 --> 00:01:14,600
மூணு மாவுக்கு நாத்து விட்டிருக்கேன்.

19
00:01:14,700 --> 00:01:18,200
நமக்குக் கடைமடைல்ல,
தண்ணி வந்து சேரவே பத்து நாளாவும்.

20
00:01:18,300 --> 00:01:20,500
அதுக்குள்ள நாத்து முத்திப் போவும்.

எஸ்.ஆர்.டி. கோப்பு என்பது இவ்வளவுதான். வரிசை எண், தொடங்கும் நேரம், அம்பு, முடியும் நேரம், எழுத்து, பிறகு ஒரு வெற்று வரி. நோட்பேடிலேயே எழுதலாம். வினாடிக்கும் மில்லிவினாடிக்கும் நடுவே இருப்பது காற்புள்ளி, அதில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு "கோப்பை ஏற்கவில்லை" என்று முழிப்பவர்கள் நிறைய. (வெப்விடிடி என்ற இன்னொரு வகையில் முற்றுப்புள்ளிதான் சரி. இரண்டையும் கலக்காதீர்கள்.) கையால் நேரம் போட அலுப்பாக இருந்தால் சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒலியின் ஏற்ற இறக்கம் படமாகத் தெரியும், பேச்சு தொடங்கும் மேட்டில் கோடு பிடித்து இழுத்தால் போதும்.

அந்த மென்பொருள் உங்களைப் பயமுறுத்தும் ஓர் இடத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வினாடிக்கு இத்தனை எழுத்து என்ற வரம்பு தாண்டினால் சிவப்பு காட்டும். தமிழில் அந்தக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். "கொண்டிருக்கிறார்கள்" என்பதில் நாம் எண்ணினால் பத்து எழுத்து. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் மெய்க்கும் உயிர்மெய்க்கும் குறிகள் தனித்தனி என்பதால் கணினிக்கு அது பத்தொன்பது. கிட்டத்தட்ட இரட்டிப்பு. நான் சிவப்பைப் பார்ப்பதில்லை. அந்த வரியை வாய்விட்டு நிதானமாகப் படித்து, முடிப்பதற்குள் மறைகிறதா என்று பார்ப்பேன்.

சத்தங்களையும் எழுதுங்கள், ஆனால் கதைக்கு வேண்டியதை மட்டும். [இன்ஜின் சத்தம்] என்று ஒரு தடவை போட்டால் போதும். கோயில் வீடியோவில் [இசை] என்று போட்டுவிட்டுப் போவது சோம்பேறித்தனம். சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரம் வாசிப்பது மல்லாரி என்றால் [நாதஸ்வரம்: மல்லாரி] என்று எழுதுங்கள். காது கேளாதவருக்கு அது ஒரு செய்தி, கேட்கிறவருக்கும் பெயர் தெரிந்தது.

ஐந்தாம் படி: எழுத்துரு என்னும் கண்ணி

நான் வாங்கிய அடி இது. அவசரத்துக்கு ஒரு டிடிபி கடையில் அரை மணி நேர வீடியோவின் பேச்சைக் கொடுத்து அடிக்கச் சொன்னேன். அழகாக அடித்துக் கொடுத்தார்கள். அவர்கள் திரையில் தமிழ், என் திரையில் ஆங்கில எழுத்துக் குவியல். பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார்கள். அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டது, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் முகமூடி கழன்றுவிடும். ஃப்ளெக்ஸ் பேனருக்குச் சரி, சப்டைட்டிலுக்கு ஆகாது. யூனிகோடில் அடித்துத் தாருங்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். ஏற்கெனவே பாமினியில் இருந்தால், மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பின் ஒருமுறை படித்துப் பார்ப்பது கட்டாயம்.

சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யூ.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். பழைய நோட்பேடில் ஏ.என்.எஸ்.ஐ. என்று விட்டுவிட்டால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். சேமித்துவிட்டால் மீட்கவும் முடியாது.

படத்தோடு எரிப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. சில எடிட்டிங் மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி "கொ" உடைந்து நிற்கும். பிரீமியர் புரோவில் கிராஃபிக்ஸ் அமைப்புக்குள் போய், எழுத்து எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றினால் சரியாகும். போன் செயலிகளில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ஏற்றிப் பாருங்கள். வயலின் பச்சைக்கும் வானத்தின் வெள்ளைக்கும் நடுவே வெள்ளை எழுத்து காணாமல் போகும். பின்னால் பாதி ஒளிபுகும் கறுப்புப் பட்டை ஒன்று வையுங்கள், கலர் கலராக ஜிகினா வேலை வேண்டாம்.

ஆறாம் படி: ஏற்றுவது

இது சுலபம். கம்ப்யூட்டரில் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து, இடப்பக்கம் சப்டைட்டில்ஸ் என்பதைத் தட்டி, வீடியோவைத் தேர்ந்தெடுங்கள். மொழி தமிழ் என்று வையுங்கள். சேர் என்பதை அழுத்தினால் கோப்பை ஏற்றும் வழி வரும். நேரத்தோடு கூடியது என்று சொல்லி எஸ்.ஆர்.டி.யைக் கொடுத்து, வெளியிடுங்கள். முன்பெல்லாம் பார்வையாளர்களே சப்டைட்டில் எழுதி அனுப்ப யூடியூபில் வழி இருந்தது. 2020 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டார்கள், இப்போது சேனல்காரர்தான் செய்ய வேண்டும். நம்மூர்ப் பார்வையாளர்களில் பலருக்குச் சிசி பட்டன் இருப்பதே தெரியாது. வீடியோவின் தொடக்கத்தில் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: ஆங்கிலம், அவசியமென்றால்

தமிழ்க் கோப்பு நன்றாக இருந்தால் அதே நேரக்குறிகளில் ஆங்கிலத்தை எழுதிவிடலாம். இயந்திரத்திடம் கொடுத்தால் ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு பாருங்கள். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பதைக் கொடுத்துப் பார்த்தேன், பருவத்தைக் காற்றாடி ஆக்கிவிட்டது. ஆடிக் காற்றில் அதுவும் பறக்கத்தான் செய்யும், ஆனால் விதைக்க முடியாது.

அளவுகளை அப்படியே விடாதீர்கள். நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. டெல்டாவுக்கு வெளியே தமிழர்களுக்கே இது புதிது, எனவே ஆங்கில வரியில் ஏக்கர் என்றே போடுங்கள். குறுவை, சம்பா, தாளடி ஆகியவற்றைப் பெயராகவே விட்டு, முதல் தடவை வரும்போது மட்டும் எந்த மாதத்துப் பயிர் என்று சேர்த்தால் போதும். "கடைமடை"க்கு மட்டும் நான் ஒரு வரியைச் செலவழித்தேன்: ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும், கல்லணை தாண்டி, ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல்.

எட்டாம் படி: சத்தமில்லாமல் பார்ப்பது

வெளியிடும் முன் போனில், சத்தத்தை முழுக்க நிறுத்தி, வெயிலில் நின்று பாருங்கள். அடுத்து, அந்த வீடியோவைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் எங்கே கண்ணைச் சுருக்குகிறார், எங்கே பின்னால் தள்ளிப் பார்க்கிறார் என்று கவனித்தாலே போதும், கேட்கக்கூட வேண்டாம்.

திருத்துறைப்பூண்டி வீடியோவை நான் அந்த விவசாயியின் அம்மாவிடம்தான் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்குக் காது கேட்டு வருஷங்கள் ஆகின்றன. திண்ணையில் உட்கார்ந்து, போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, வாயசைத்து வாயசைத்துப் படித்தார். இருபதாவது வரி வந்ததும் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

"இது தப்பு தம்பி."

"எது பாட்டி?" என்று எழுத்தைச் சுட்டிக் காட்டினேன்.

"'முத்திப் போவும்'னு எழுதியிருக்க. எம்மவன் 'முத்திப் போயிடும்'னுல்ல சொல்றான். வாயப் பாத்தா தெரியுதே."

இயர்போனை மாட்டிக்கொண்டு, இன்ஜின் சத்தத்துக்குள் அந்த இரண்டு வினாடியை நாலு தடவை கேட்டேன். "போயிடும்"தான். அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து கோப்பைத் திருத்தினேன்.